கயேனா முனைக்கு எந்தப் பக்கமாக நடப்பது?

ஹவாயின் ஓவாஹு தீவில், வையனாய் மலைத்தொடர் மேற்கே இறங்கித் தேய்ந்து, தாழ்ந்த மணல்மேடுகளாகக் கடலைத் தொடும் இடமே கயேனா முனை. தெற்கே யோக்கஹாமா விரிகுடாவிலிருந்தும் வடக்கே மொக்குலேயாவிலிருந்தும் அங்கே நடந்து செல்லலாம். எந்தப் பக்கமானாலும் ஒரு வழிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர்; குடிநீர் கிடையாது, ஒதுங்க மரமும் இல்லை. இரு பக்கமும் வந்து முடியும் தார்ச்சாலைக்கு ஃபாரிங்டன் நெடுஞ்சாலை என்று ஒரே பெயர் இருந்தாலும், அவை இரண்டும் எங்குமே இணைவதில்லை. எனவே ஒரு பக்கம் காரை நிறுத்திவிட்டு மறுபக்கம் இறங்குபவர், தீவின் உட்பகுதியைச் சுற்றிக்கொண்டுதான் காருக்குத் திரும்ப வேண்டும்.

வடக்குப் பாதை அகலமானது, ஏற்ற இறக்கம் குறைந்தது. அனுமதி பெற்ற ஜீப்புகள் ஓடுவதால், மழைக்குப் பின் சேற்றுக் குழிகளைச் சுற்றிச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று போகும்போது முதுகைத் தள்ளும், களைத்துத் திரும்பும்போது முகத்தில் அறையும். குளிர்காலப் பேரலைகளுக்காகவே வருபவருக்கும், முழங்கால் வலியுள்ளவருக்கும் இதுவே ஏற்றது.

என் தேர்வு தெற்குப் பாதைதான். 1946 ஆம் ஆண்டுச் சுனாமியில் சேதமடைந்து, அடுத்த ஆண்டு நிறுத்தப்பட்ட ரயில் தடத்தின் மீது அது செல்கிறது. கடல் அரித்துத் தின்ற ஓரிடத்தில் மட்டும் மலைச்சரிவை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் கவனமாகக் கால் வைக்க வேண்டும். ஆனால் காலையில் மலையின் நிழல் பாதைமீது விழுவதால், வெயில் ஏறுமுன் முனையை அடைந்துவிடலாம்; பாறையில் கடல் குடைந்த வளைவையும், அலை வற்றிய குழிகளையும் நின்று பார்க்க நேரம் கிடைக்கும். இரு பக்கமும் காரில் பை எதையும் விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடியை உடைத்துத் திருடுவது அங்கே வழக்கமான தொல்லை.

முனையில் வேறுபாடு ஏதுமில்லை. எலி, கீரி, பூனை, நாய் நுழையாதபடி 2011 இல் எழுப்பப்பட்ட நெருக்கமான கம்பிவலை வேலியில், ஒரு கதவைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே லேசான் ஆல்பட்ரோஸ் பறவைகள் பாதையோரத்திலேயே அடைகாக்கின்றன. மணலுக்கடியில் வேறு கடற்பறவைகளின் வளைகள் இருப்பதால், கயிற்றைத் தாண்டி வைக்கும் ஓரடியிலேயே கூடு இடிந்துவிடலாம். ஆல்பட்ரோஸைக் காண நவம்பர் முதல் ஜூலைக்குள் போக வேண்டும். செப்டம்பரில் போனால் எந்தப் பாதையில் நடந்தாலும் அவை கடலில்தான் இருக்கும்.