ஆர்.சி. வேலைப்படகு: கட்டியதும் சில வருடங்கள் ஓட்டியதும்

ரிமோட் படகு என்று சொன்னவுடன் "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான் கேட்கிறார்கள். வேலைப்படகைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது எடையைப் பற்றி. மிதவையை இழுப்பது, நங்கூரம் தூக்குவது, மணல் வாரும் குழாயைத் தள்ளி வைப்பது என்று துறைமுகங்களில் நாள் முழுக்க அல்லாடும் படகு இது. டாமன் என்ற நெதர்லாந்து நிறுவனம் 'மல்டி கேட்' என்ற பெயரில் விற்கிறதே, அந்த ரகம். செவ்வகமான தட்டை மேல்தளம், ஒரு கிரேன், வின்ச், அணியத்தில் (முன்முனையில்) பெரிய உருளை. குறிப்பிட்ட எந்தப் படகையும் நான் நகலெடுக்கவில்லை. 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று அந்த ரகத்தில் சின்னதாக ஒன்றை வரைந்துகொண்டு 1:25 அளவில் கட்டினேன். மாடல் 60 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம்.

1:25 எடுத்ததற்குக் காரணம் உண்டு. நீளம் 25 மடங்கு குறைந்தால் எடை 25×25×25, அதாவது 15,625 மடங்கு குறையும். 105 டன் படகு 6.7 கிலோ ஆகிவிடும். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கலாம். வேகக் கணக்கு வேறு: அது அளவின் வர்க்கமூலத்தால்தான் குறையும். 25-க்கு வர்க்கமூலம் 5. எட்டு நாட் வேகம் வினாடிக்கு 4.1 மீட்டர், மாடலுக்கு 0.8 மீட்டர், கிட்டத்தட்ட மெதுவான நடை. கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கீ ஊரில் தொட்டி கட்டி மாடல்களை இழுத்துப் பார்த்து நிறுவிய விதி இது. இந்த வேகத்தில் ஓட்டினால்தான் முன்னால் எழும் அலை நிஜப் படகின் அலை மாதிரியே விழும். இதைத் தாண்டினால் அது பொம்மை.

உடல் மரைன் பிளை, அதாவது படகுக்கான ஒட்டுப்பலகை. குறுக்குச் சட்டங்கள் 6 மி.மீ., தோல் 3 மி.மீ. இந்த ரகப் படகில் வளைவு குறைவு, பக்கமும் அடியும் பெரும்பாலும் தட்டைப் பலகைகள். அதனால் முதல் படகாகக் கட்டவும் ஏற்றது. நம் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் பட்டறைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தின் மேல் அதன் பிடிப்பு எபாக்ஸி அளவுக்கு இல்லை. எபாக்ஸிக்கே செலவு செய்யுங்கள். வெளியே பூசுவதைவிட உள்ளே பூசுவது முக்கியம், உள்ளே தேங்கும் ஈரம்தான் பிளையைத் தின்னும். மேல்தளத்தில் ஸ்க்ரூ போகும் இடங்களில் பெரிய ஓட்டை போட்டு, எபாக்ஸி ஊற்றி இறுகவிட்டு, அதன் நடுவில் சின்ன ஓட்டை போட வேண்டும். பெரிய படகுக்காரர்கள் செய்யும் இந்த வேலை 60 செ.மீ. மாடலுக்கும் பலன் தருகிறது. இத்தனை மழைக்காலம் கடந்தும் அந்த இடங்களில் கறுப்பு ஏறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சுழல்தண்டும் மோட்டாரும். 4 மி.மீ. தண்டு இரண்டு, 40 மி.மீ. பித்தளை விசிறி (புரொபெல்லர்) இரண்டு. மேல்விளிம்பு வெளிப்பக்கம் திரும்புமாறு ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்பவை. மோட்டார் 540 என்று மாடல் கடைகளில் சொல்லும் அளவுதான், ஆனால் ரேஸ் காருக்கு வருவது வேண்டவே வேண்டாம். 12 வோல்ட்டில் நிதானமாகச் சுற்றும் ரகத்தைத் தேடி வாங்குங்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஸ்பீடு கன்ட்ரோலர். ரிசீவருக்கு ஒரு கன்ட்ரோலரிலிருந்து மட்டும் மின்சாரம் போனால் போதும், மற்றதன் பிளக்கில் உள்ள சிவப்பு வயரை உருவி டேப் சுற்றிவிடுவேன். டிரான்ஸ்மிட்டரில் இரண்டு மோட்டார்களையும் மிக்ஸ் செய்துவிட்டால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே ஓடி, படகு நின்ற இடத்திலேயே திரும்பும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்!

விசிறியைச் சுற்றிய வளையத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கோர்ட் நாசில் என்ற அந்த வளையம் குறைந்த வேகத்தில் இழுவிசையைக் கூட்டுவது அதன் உட்புற வளைவால். முன்பக்கம் தடித்துப் பின்பக்கம் மெலியும் இறக்கை வடிவம் அது. பி.வி.சி. பைப்பை நறுக்கி மாட்டினால் அந்த இழுவிசை வராது. பாசியையும் கல்லையும் தடுக்கும், அவ்வளவே. எங்கள் பக்கத்துக் குளங்களில் அதற்காகவே அது தேவைப்படுகிறது.

தேய்மானம் என்று பார்த்தால், தண்டைத் தாங்கும் புஷ்தான் முதலில் போனது. மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் உட்கார்ந்திருந்தால் அது நெடுநாள் உழைக்கும், சத்தமும் வராது. நம் வெயிலில் கிரீஸ் இளகி உள்ளே வழிகிறது, கெட்டியான மரைன் கிரீஸ் போட்டால் குறைகிறது. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் தண்டை உருவித் துடைத்து மாட்டுகிறேன்.

பேட்டரி விஷயத்தில் என் முடிவு பழையதாகத் தெரியலாம்: 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட், யு.பி.எஸ்.ஸில் வருவதே. இரண்டு கிலோவுக்கு மேல் எடை. எப்படியும் இந்தப் படகு நீர்க்கோட்டில் உட்கார எடை போட்டே ஆக வேண்டும், அது மின்சாரமும் தரட்டுமே. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டால் மிச்சமாகும் எடைக்குப் பதிலாக ஈயக்கட்டி வைக்க நேரும். லெட் ஆசிட்டைச் சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டுவைத்தால் செத்துப்போகும், ஓட்டாத மாதங்களிலும் சார்ஜ் ஏற்றுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃப்யூஸ் இருக்கட்டும். விசிறியில் பாசி சுற்றி மோட்டார் நின்றுபோனால் வயர் சூடேறி உருகிவிடும். பேட்டரி நகராதபடி தொட்டில் கட்டாயம்.

மேல்தள அலங்காரத்தில் ஒரே கேள்விதான்: கை எங்கே போகும்? வீல்ஹவுஸ் முழுதாகக் கழன்று வரும்படி காந்தத்தில் நிற்கிறது. திறப்பைச் சுற்றி 25 மி.மீ. உயரத்துக்கு விளிம்பு இருப்பதால் அலை ஏறினாலும் நீர் உள்ளே போவதில்லை, பக்கத் துளைகளில் வழிந்துவிடும். கைப்பிடிக் கம்பிகள் 1 மி.மீ. பித்தளை, சால்டர் வைத்தவை. வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உடையும். டயர் ஃபெண்டருக்கு (பக்கத்தில் இடி தாங்கும் டயருக்கு) கறுப்பு ரப்பர் ஹோஸை நறுக்கியது நன்றாகவே நிற்கிறது.

விளக்குகளை 1972 சர்வதேச விதிப்படி அமைத்தேன். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இழுவை 200 மீட்டருக்குள் என்றால் கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை, பின்புற வெள்ளைக்கு மேலே ஒரு மஞ்சள். அந்தி வேளையில் இதைப் பார்த்து ஒரு துறைமுகத் தொழிலாளி "டோயிங் லைட்டா தம்பி?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷம் பெரிது.

ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்த அலை தண்ணீருக்குள் ஊடுருவாது, ஆன்டெனா முனை நீர்மட்டத்துக்கு மேலே, வீல்ஹவுஸுக்குள் நிற்க வேண்டும். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைக்காமல் குளத்தில் இறக்காதீர்கள்.

இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்பதில்தான் வேலைப்படகின் உயிர். பின்முனையில் கட்டினால் கயிறு பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், படகு திரும்பாது. நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், விசிறிகளுக்கு நன்றாக முன்னால் வைத்தால் லகுவாகத் திரும்புகிறது. அதிலும் ஆபத்து உண்டு: இழுக்கப்படும் மிதவை முந்திப் பக்கவாட்டில் போனால் கயிறு படகைக் குறுக்கே இழுத்துக் கவிழ்த்துவிடும். நிஜ டக்குகளும் (இழுவைப் படகுகளும்) இப்படிக் கவிழ்ந்திருக்கின்றன. என் கொக்கியில் ஒரு சர்வோ (ரிமோட்டால் அசையும் சின்ன மோட்டார்) மாட்டி, கயிற்றை உடனே விடுவிக்க வழி செய்திருக்கிறேன்.

அடுத்து, இப்போது சும்மா நிற்கும் கிரேனுக்கு மோட்டார். அதற்கு முன் படகைத் தொட்டியில் இறக்கி, கிரேன் கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, முனையில் ஐம்பது ஐம்பது கிராமாக எடை ஏற்றிச் சாய்வை அளக்கப் போகிறேன். மேல்தள விளிம்பு நீரைத் தொடுவதற்கு நன்றாக முன்பே நிற்கும் எடைதான் அதன் எல்லை. கிரேன் மோட்டாரின் அளவை அதை வைத்தே தீர்மானிப்பேன்.