வட்டி எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு ஹோம் லோன் எடுத்துடாதீங்க

கூடுவாஞ்சேரில பிளாட் புக் பண்ணப்போ பில்டர் ஆபீஸ்லயே ஒரு லோன் ஏஜென்ட் உக்காந்திருந்தார். பேங்க்னா லீகல், வேல்யுவேஷன்னு ரெண்டு மாசம் இழுப்பாங்க சார், எங்க ஹவுசிங் பைனான்ஸ்ல பத்து நாள்ல செக் வாங்கித் தரேன்னார். 2021 ஜூலை, 25 லட்சம், வட்டி 7.8, 20 வருஷம், இஎம்ஐ 20,601. எனக்கு அப்போ 38 வயசு, 58ல ரிட்டயர் ஆகுறப்போ கடன் முடிஞ்சிடும்னு வீட்டுல கணக்கு போட்டுக் காட்டினேன்.

மாசாமாசம் அதே 20,601 தான் போச்சு, அதனால நானும் எதையும் திறந்து பாக்கல. 2023 ஏப்ரல்ல ஸ்டேட்மென்ட் எடுத்தா வட்டி 9.65ன்னு இருக்கு, கட்டுற காசுல 19,400க்கு மேல வட்டிக்கே போகுது, அசல்ல கழியுறது ஆயிரத்து சொச்சம், பாக்கி தவணை 360 மாசம். ஒரு மாசம் விடாம கட்டியும் இன்னும் 30 வருஷம், அதாவது 70 வயசு வரைக்கும். வட்டி ஏறினப்போ இஎம்ஐய ஏத்தாம மாசத்தை நீட்டிட்டாங்க, ஒரு லெட்டர் இல்ல, ஒரு மெசேஜ் இல்ல.

பிராஞ்ச்ல கேட்டா ரிப்போ, அதாவது ரிசர்வ் பேங்க் (ஆர்பிஐ) மத்த பேங்க்குங்களுக்குக் கடன் குடுக்குற வட்டி, ஏறிடுச்சு சார்ங்கறாங்க. ஏறினது உண்மைதான், 2022 மே மாசத்துக்கு முன்னாடி 4 இருந்தது 2023 பிப்ரவரில 6.5 ஆச்சு. ஆனா அன்னிக்கே புது கஸ்டமருக்கு 8.75ன்னு அங்கயே போர்டு வச்சிருந்தாங்க, எனக்கும் அதைக் குடுங்கன்னா பழைய வட்டியில இருந்து மாத்தறதுக்கு கன்வர்ஷன் பீஸ் கட்டணுமாம்!

அப்புறம்தான் புரிஞ்சுது, என் வட்டி ரிப்போவோட இணைக்கப்படவே இல்ல, கம்பெனி தானே வச்சுக்கற ரெபரன்ஸ் ரேட்டோட இணைச்சிருக்காங்க. பேங்க்குங்க 2019 அக்டோபர்ல இருந்து குடுக்குற புளோட்டிங் (வட்டி ஏறி இறங்குற) ஹோம் லோனுக்கு ரிப்போ மாதிரி வெளி ரேட்டோடதான் வட்டிய இணைக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது மாத்தியாகணும். ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இந்த ஒரு கேள்வி, உங்க வட்டி எதோட இணைஞ்சிருக்குன்னு நான் முதல் நாளே கேட்டிருக்கணும். இன்சூரன்ஸ் கட்டாயம்னு சொல்லி 62,000 ரூபாய லோன்லயே சேத்திருந்தாங்க, அதுவும் பொய், அவங்ககிட்டதான் வாங்கணும்னு எந்த ரூலும் இல்ல.

2024ல ஒரு அரசு பேங்க்குக்கு மாத்தினேன். பழைய கம்பெனில கடனை முன்னாடியே முடிக்கறதுக்கு 2 பர்சன்ட் போர்குளோஷர் சார்ஜ் கட்டணும்னாங்க, தனிநபர் புளோட்டிங் ஹோம் லோனுக்கு அதை வாங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, எழுத்துல குடுங்க, அதை வச்சு புகார் குடுக்கறேன்னதும் மறுநாளே அந்த வரி காணாம போச்சு. பத்திரம் திரும்பி வர்றதுக்கும் இழுத்தாங்க. கடன் முடிஞ்சு 30 நாள்ல குடுக்கலன்னா அவங்க மேல தப்பு இருந்தா ஒரு நாளைக்கு 5,000 ரூபா நமக்குத் தரணும்னு ஆர்பிஐ சொல்லியிருக்கு, 2023 டிசம்பர்ல இருந்து. அதை மெயில்ல போட்ட பிறகுதான் 26வது நாள் தாய்ப்பத்திரத்தோட எல்லாம் கைக்கு வந்துச்சு. எம்ஓடி (பத்திரத்தை அடமானம் வச்சதுக்கான பதிவு) ரத்து, புது எம்ஓடின்னு ரிஜிஸ்டர் ஆபீஸ் செலவு தனி.

2025ல ரிப்போ இறங்க இறங்க நான் கேக்காமலே வட்டி குறைஞ்சுது. இப்ப லோன் எடுக்கறவங்க கீ பேக்ட் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்க, 2024 அக்டோபர்ல இருந்து குடுத்தே ஆகணும், எல்லா சார்ஜும் சேத்து வருஷ வட்டி எவ்வளவுன்னு அதுல இருக்கும். அதைப் படிக்காம பில்டருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க. என் 62,000 இன்னும் திரும்பி வரல, புகார் குடுத்திருக்கேன்.