விருதுநகருக்கு ஒரு நாள் கார்: வண்டிக்கு நாலு நட்சத்திரம், கதைக்கு ஒன்றரை

மதுரையிலிருந்து விருதுநகர், காமராஜர் சம்பந்தப்பட்ட இடங்கள், கைடுடன் சேர்த்து 3,800 ரூபாய் என்றார்கள். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பிறந்து வளர்ந்தது விருதுநகர். ஊரைப் பார்த்துப் பல வருஷம் ஆனதால் பதிவு செய்தேன்.

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு என்றால் ஆறு ஐம்பதுக்கே வாசலில் நின்றது. சீட் சுத்தம். அப்பா ஏறி இறங்க டிரைவர் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து கை கொடுத்தார்.

கைடு தம்பியால்தான் பாடாகிவிட்டது. போனைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தார். காமராஜர் பிறந்த வீட்டு வாசலில் நின்று, "ஐயா 1967 வரைக்கும் முதல்வரா இருந்தாரு" என்றார். அப்பா கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார். "தம்பி, 54ல முதல்வரானாரு. 63 அக்டோபர்ல அவரே விட்டுட்டு கட்சி வேலைக்குப் போனாரு. அப்புறம் பக்தவத்சலம்." தம்பி தலையாட்டிவிட்டு மறுபடி போனைப் பார்த்தார்.

வீடு சின்னது. நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ஒதுங்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு மேல் முதல்வராக இருந்தவரின் வீடா என்று தோன்றும். அதைப் பற்றி கைடு ஒரு வார்த்தை பேசவில்லை, போட்டோ எடுக்கச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தை வண்டியிலிருந்தே காட்டிவிட்டுக் கடக்கப் பார்த்தார்கள். அப்பா நிறுத்தச் சொன்னார். காமராஜர் படித்த அந்த சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அதை விற்ற காசில் நடந்த பள்ளி. இங்கே படித்துப் பாதியில் நின்றவர்தான் பின்னால் ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதிய உணவும் போட்டார். இங்கிலீஷை அவர் ஜெயிலில்தான் கற்றுக்கொண்டார் என்பதும் அப்பா சொல்லித்தான் தெரியும். 1941இல் ஜெயிலில் இருக்கும்போதே நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்களாம். வெளியே வந்து ஒரு கூட்டத்தை நடத்திவிட்டு ராஜினாமா செய்துவிட்டாராம். இதெல்லாம் 3,800 ரூபாய்க்குள் வந்திருக்க வேண்டிய கதை.

மதியம் அவர்களே கூட்டிப்போன கடையில் எண்ணெய் பரோட்டா. மொறுமொறுப்பு இருந்தது, சால்னா தண்ணி. அப்பா பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் கைடு, "67ல ஐயா ஏதோ நூறு ஓட்டுல தோத்துட்டாரு" என்று ஆரம்பித்தார்.

"1,285" என்றார் அப்பா. இலையைப் பார்த்தபடியே. "மாணவர் தலைவர் சீனிவாசன்கிட்ட. அதுல ஒண்ணு என்னது."

எனக்கே அது புதுச் செய்தி. ஐம்பது வருஷமாக வீட்டு ஹாலில் காமராஜர் படம் மாட்டி வைத்திருக்கிற மனிதர். "முத ஓட்டு அது. இந்தி எதிர்ப்புல தடியடி வாங்கின வயசு. அரிசி வேற கெடைக்கல. போட்டேன்" என்றார். 69இல் காமராஜர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்தபோதுதான் சோறு இறங்கியதாம். தம்பி முதன்முறையாகப் போனைக் கீழே வைத்தார்.

திரும்பும் வழியில் ஏசி நன்றாகவே இருந்தது, அப்பா தூங்கிவிட்டார். கைடு வேண்டாமென்றால் 600 ரூபாய் குறைத்துக்கொள்வார்களாம். அந்த வயதில் வீட்டில் ஒருவர் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.