பல்பா, ஸ்ட்ரோப் லைட்டா, காதா? அம்பாசிடருக்கு டைமிங் வைக்கும் வழிகள்

பழைய அம்பாசிடர் பெட்ரோல் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் டைமிங்கில், அதாவது பிளக்கில் ஸ்பார்க் எந்தக் கணத்தில் வர வேண்டும் என்பதில், வந்து நிற்கும். ஒருவர் பல்பு போதும் என்பார். அடுத்தவர் ஸ்ட்ரோப் லைட் (பிளக் எரியும்போதெல்லாம் மின்னும் விளக்கு) இல்லாமல், பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே கூடாது என்பார். வயதான மெக்கானிக்கைக் கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். என் மார்க் 3-இல் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின், சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.

எந்த வழியானாலும் பாயின்ட் கேப்தான் முதல் வேலை. பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள், அது திறக்கும் கணத்தில்தான் ஸ்பார்க் வரும்; கேப் அவற்றின் இடைவெளி. ஃபீலர் கேஜில் 0.015 அங்குலம், ஏறக்குறைய 0.4 மி.மீ. கேப் கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக அட்வான்ஸ் ஆகிவிடும், அதாவது ஸ்பார்க் முன்கூட்டியே வரும். டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் செய்த வேலை வீண்.

பல்பு முறைக்கு இன்ஜின் ஓட வேண்டியதில்லை. முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். கிராங்க் (இன்ஜினின் பிரதான தண்டு) முனையிலுள்ள புல்லியின் வெட்டு, கையேடு சொல்லும் டிகிரிக்கான முள்ளுக்கு நேரே வரும்வரை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னால் இழுக்காதீர்கள். டைமிங் செயினின் தொய்வு கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள். அப்புறம் 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன ஒயர் முனையில், மற்றது பாடியில். சாவியைத் திருப்பி, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் ரோட்டர் சுற்றும் பக்கமாகத் திருப்பி பல்பை அணைத்துவிட்டு, எதிர்ப்பக்கமாக மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். பல்பு எரியும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். அந்த இடத்திலேயே போல்ட்டை இறுக்க வேண்டியதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் இரண்டு டிகிரி போய்விடும்.

செலவு கிட்டத்தட்ட இல்லை, நடுரோட்டில்கூடச் செய்யலாம். ஆனால் நிற்கிற இன்ஜினின் கதையை மட்டும்தான் பல்பு சொல்லும்.

ஓடுகிற இன்ஜினுக்கு ஸ்ட்ரோப் வேண்டும். கிளிப்பை முதல் பிளக் ஒயரில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் பார்க்க வேண்டும். பி-சீரிஸில் முள் புல்லியின் அடிப்பக்கம் இருப்பதால் பார்ப்பதே ஒரு தொல்லை. வண்டிக்கடியில் படுத்துத்தான் நான் பார்த்தேன். வெட்டில் சாக்பீஸ் பூசாவிட்டால் ஒன்றும் தெரியாது. அந்த வெளிச்சத்தில் ஃபேன் மெதுவாக ஊர்வதுபோல் தெரியும், அதை நம்பிக் கையை நீட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு பாடும் டிகிரி பார்க்க மட்டும் என்றால் எனக்கு ஸ்ட்ரோப் தேவையில்லை. ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது குறி சீராக முன்னால் நகர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப அட்வான்ஸ் கொடுக்கும் எடைகள் வேலை செய்கின்றன. நகராமல் நின்றால் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஒரு இடத்தில் நிற்காமல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். என் வண்டியில் குறி நடனமே ஆடியது. நான்கு மாதமாக பாயின்ட்டையும் கண்டன்சரையும் மாற்றிக்கொண்டிருந்தேன், குற்றவாளி புஷ். இதைப் பல்பு ஆயுளுக்கும் காட்டிக்கொடுத்திருக்காது.

வேக்குவம் கேஜ் வைத்து, முள் அதிகம் ஏறும் இடத்தில் டைமிங்கை நிறுத்துவோரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஐடிலில் இன்ஜின் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், ஏற்றத்தில்தான் பழி தீர்க்கும்.

காது? இதை ஒதுக்க முடியவில்லை. இந்த இன்ஜினின் கையேட்டு அளவு அந்தக் காலப் பெட்ரோலுக்கு எழுதியது. இன்று சாதாவே 91 ஆக்டேனுக்குக் குறையாது. பல்பில் வைத்துவிட்டு, டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஒரு ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் பாருங்கள். சில்லறை குலுங்குவதுபோல் ஒரு கணம் கேட்டு அடங்கினால் சரி. தொடர்ந்து கேட்டால் கொஞ்சம் ரிடார்ட் செய்யுங்கள், அதாவது ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துங்கள். சத்தமே இல்லாமல் பிக்கப்பும் இல்லாமல், இன்ஜின் சூடும் ஏறினால் ரிடார்ட் அதிகமாகிவிட்டது. ஆனால் வேகத்தில் போகும்போது அம்பாசிடரின் இரைச்சலில் இந்தச் சில்லறைச் சத்தம் (நாக்கிங்) காதில் விழாது, பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியும். அதனால் காதை மட்டும் நம்பி முதலிலிருந்து வைப்பவர்களிடம் என் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

எனக்குப் பல்பு எப்போதும், காது அதன் பிறகு, ஸ்ட்ரோப் வருஷத்துக்கு ஒரு தடவை இரவல். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு ஸ்ட்ரோப்தான். இன்னும் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவர்கள், டைமிங்கில் கை வைத்த நாளில் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். அட்வான்ஸ் கூடியிருந்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும்.