4 வருஷம், 76,000 கிலோமீட்டர், 6 தடவ எரிஞ்ச அந்த மஞ்சள் லைட்

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், இப்ப வண்டி 76 ஆயிரம் தாண்டிடுச்சு, கடைசி 12 ஆயிரம் கிலோமீட்டரா டேஷ்போர்டுல எந்த வார்னிங் லைட்டும் வரல, அதனால தைரியமா எழுதறேன்.

வண்டி 7 சீட் டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக், 2021 நவம்பர்ல எடுத்தது. கம்பெனி பேரு, ஷோரூம் பேரு எதுவும் சொல்லப் போறதில்ல, ஏன்னா இது பிஎஸ்6 (வண்டி புகைக்கான அரசு விதி) டீசல் வச்சிருக்கற எல்லாருக்குமே வரக்கூடிய பிரச்சினை, பேர சொன்னா பேச்சு அந்த கம்பெனி நல்லதா கெட்டதான்னு போயிடும். சீட்டு, ஏசி, சஸ்பென்ஷன், லாங் டிரைவ்ல இழுவை எல்லாமே அருமை, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான் பட்டது எல்லாம் புகை சம்பந்தப்பட்ட பார்ட்ஸும் டீசல் லைனும் தான்.

நமக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம். மொதல் ஒன்ற வருஷத்துக்கு மேல வேலை விஷயமா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஈசிஆர்ல சென்னை போயிட்டு வருவேன், அப்ப ஒரு சின்ன பிரச்சினை கூட வந்ததில்ல. 2023 ஜூன்ல பாண்டிக்கு மாத்தல் ஆச்சு. அதுல இருந்து தினமும் ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம், முதலியார்பேட்டைன்னு ஒரு பக்கம் 24 கிலோமீட்டர். அரியாங்குப்பத்துல இருந்து மரப்பாலம் சிக்னல் வரைக்கும் காலைல எப்படி இருக்கும்னு அந்த ரோட்ல போறவங்களுக்கு தெரியும், மொத கியர்ல நகர்றதும் நிக்கறதுமா. இத ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா, என் வண்டியோட கதையே இந்த ரூட்ல தான் இருக்கு.

2023 செப்டம்பர், 33 ஆயிரம் கிலோமீட்டர்ல மொதல் தடவ செக் என்ஜின் லைட் வந்துச்சு. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் மாட்டி பி2463னு ஒரு கோட் காட்டினாங்க, டிபிஎஃப்ல, அதாவது புகைல வர்ற கரிய புடிக்கற ஃபில்டர்ல, கரி அதிகமா சேந்துடுச்சுன்னு அர்த்தம். வண்டிய நிறுத்தி வச்சே முக்கா மணி நேரம் ஃபோர்ஸ்டு ரீஜென் (அந்த கரிய எரிக்கறது) பண்ணாங்க, கோட கிளியர் பண்ணாங்க, ஹைவேல ஓட்டுங்க சார்னு அனுப்பிட்டாங்க. ஜாப் கார்டுல ஒரே ஒரு வரி. வண்டி விக்கும்போது சன்ரூஃப் பத்தி அரை மணி நேரம் பேசினவங்க இந்த டிபிஎஃப்னு ஒன்னு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல, அது எனக்கு இன்னிக்கும் வருத்தம் தான்.

தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். 2020 ஏப்ரல் 1ல இருந்து பிஎஸ்4ல இருந்து நேரா பிஎஸ்6க்கு தாவினோம், நடுவுல பிஎஸ்5 கிடையாது. டீசல்ல இருந்த கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10 பிபிஎம் ஆச்சு, வண்டில சைலன்சர் லைன்ல கரிய புடிச்சு வைக்கற ஃபில்டர் வந்துச்சு, அதான் டிபிஎஃப். அது ரொம்பிட்டா அந்த கரிய எரிச்சாகணும். ஹைவேல ஒரே வேகத்துல போனா சூடு ஏறி கொஞ்சம் கொஞ்சமா அதுவா எரியும். அப்படி எரியலன்னா வண்டியோட கம்ப்யூட்டர், அதான் ஈசியூ, அதுவே சிலிண்டர்ல கூடுதலா டீசல் அடிச்சு ஃபில்டர 600 டிகிரி கிட்ட சூடாக்கி எரிக்கும், இது தான் ரீஜென். முடிய ஒரு கால் மணி நேரம், இருபது நிமிஷம் வண்டி நிக்காம ஓடணும். நடுவுல ஆஃப் பண்ணிட்டா பாதில நின்னுடும், அடுத்த தடவ மறுபடி மொதல்ல இருந்து டீசல் அடிக்கும். நான் தினமும் ஆபீஸ் வாசல்ல வந்து சாவிய திருப்பும்போது எத்தன ரீஜென கொன்னிருப்பேன்னு இப்ப நெனச்சா தான் புரியுது.

ரெண்டாவது தடவ நாலு மாசத்துல, மூணாவது அதுக்கப்புறம் மூணே மாசத்துல. ஒவ்வொரு தடவயும் அதே ரீஜென், அதே கோட் கிளியர், அதே அட்வைஸ். நானும் விடாம ஞாயித்துக்கிழமை ஆனா சிதம்பரம் வரைக்கும் போயிட்டு வந்தேன், வீட்ல இதுக்குன்னே டீசல் செலவான்னு கேக்கற அளவுக்கு. அப்பவும் லைட் வந்துச்சு. அட்வைசர் சொன்னது, உங்க டிரைவிங் ஸ்டைல் சார். மூணு தடவ கேட்டப்புறம் நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன், தப்பு நம்ம மேல தான் போலன்னு.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி சும்மா பானெட்ட தொறந்து ஆயில் டிப்ஸ்டிக் இழுத்துப் பாத்தேன். சர்வீஸ் விட்டு 5 ஆயிரம் கிலோமீட்டர் தான் ஆயிருந்துச்சு, ஆயில் கொறஞ்சிருக்கணும் இல்ல அப்படியே இருக்கணும், ஆனா மேல் கோட்ட தாண்டி ஒரு விரல் அளவு ஏறி நிக்குது. வெரல்ல தொட்டு தேய்ச்சுப் பாத்தா பிசுபிசுப்பே இல்ல, தண்ணி மாதிரி ஓடுது, மோந்து பாத்தா சுத்தமா டீசல் வாசனை. பாதில நின்ன ரீஜென்ல அடிச்ச டீசல் எரியாம சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு கீழ ஆயில்ல கலந்திருக்கு. இப்படியே ஓட்டினா பேரிங், டர்போ எல்லாம் போயிடும். காலைலயே போய் ஆயில் மாத்தினேன், 9 ஆயிரம் ரூபா. இத வாரண்டில கேட்டதுக்கு ஆயில் கன்ஸ்யூமபிள் சார்னு சொல்லிட்டாங்க. டீசல் எஸ்யூவி வச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் மாசம் ஒரு தடவ டிப்ஸ்டிக் பாருங்க, ஆயில் ஏறுதுன்னா அது சந்தோஷப்படற விஷயம் இல்ல.

நாலாவது கதை ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி கிட்ட கரைய கடந்துச்சு, அதுக்கு அடுத்து தென்பெண்ணைல வெள்ளம் வந்து கடலூர் பக்கம் என்ன பாடு பட்டோம்னு எல்லாருக்கும் தெரியும். என் வண்டி வீட்டு மேட்டுல நின்னுச்சு, ஒரு சொட்டு தண்ணி தொடல. ஒரு வாரம் கழிச்சு வழக்கம் போல பார்டர் தாண்டி பாண்டி பக்கம் டேங்க் ஃபுல் பண்ணேன் (கடலூர்க்காரங்க முக்காவாசி பேரு அங்க தான் அடிப்போம், லிட்டருக்கு நல்ல வித்தியாசம்), ரெண்டு நாள்ல வண்டி திக்கி திக்கி போக ஆரம்பிச்சு பி0087னு கோட், அதாவது ரெயில்ல, இன்ஜெக்டருக்கு டீசல் குடுக்கற குழாய்ல, டீசல் பிரஷர் பத்தல. காமன் ரெயில்ல 1600, 2000 பார் வரைக்கும் பிரஷர் போகும், அந்த பிரஷர்ல டீசலோட வழுவழுப்பு தான் பம்ப்புக்கும், டீசல சிலிண்டருக்குள்ள பீச்சற இன்ஜெக்டருக்கும் ஆயில் மாதிரி வேலை செய்யுது, அந்த இடத்துல தண்ணி வந்தா உரசி தேய்ஞ்சுடும்.

சர்வீஸ் சென்டர்ல ஃபில்டர்ல இருந்து எறக்கின டீசல ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்திக் காட்டினாங்க. மேல மஞ்சளா டீசல், அடில ரெண்டு விரக்கடை கலங்கலா தண்ணி, நடுவுல ஒரு பழுப்பு கோடு. அத பாத்ததும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நாலு இன்ஜெக்டரும் மாத்தணும், 1,48,000 ரூபா, வெளி டீசல் பிரச்சினைன்றதால வாரண்டி கிடையாதுன்னு எஸ்டிமேட் குடுத்தாங்க. பங்க்ல போய் கேட்டா எங்க டேங்க்ல தண்ணி இல்லன்னு சொல்லிட்டாங்க, நான் அதுக்குள்ள பத்து நாள் தாமதம், பில்லும் தொலைச்சிருந்தேன், நிரூபிக்க ஒன்னுமே இல்ல. இத ஒரு பாடமா எடுத்துக்குங்க, மழை வெள்ளம் முடிஞ்சு டீசல் அடிச்சா பில்ல பத்திரமா வையுங்க, சந்தேகம் வந்தா பங்க்லயே டிப் ராடுல பேஸ்ட் தடவி டேங்க்ல விட்டு காட்ட சொல்லுங்க, தண்ணி இருந்தா அந்த பேஸ்ட் கலர் மாறும், கேக்கறது நம்ம உரிமை.

அந்த எஸ்டிமேட்ட நான் ஒத்துக்கல. இன்ஜெக்டர கழட்டி பாண்டில வெளிய ஒரு டீசல் பம்ப் ஒர்க்ஷாப்ல டெஸ்ட் பண்ண சொன்னேன். மூணு நல்லா இருக்கு, ஒன்னுல மட்டும் பேக் லீக் (திரும்பி ஒழுகற டீசல்) அதிகம். அந்த ஒன்ன மாத்தி, டேங்க் கிளீன் பண்ணி, ஃபில்டர் போட்டு எல்லாம் சேத்து 41 ஆயிரத்துல முடிஞ்சுது. லட்சத்துக்கு மேல மிச்சம்.

அஞ்சாவது தடவ தான் என்னால மறக்க முடியாதது. 2025 மார்ச், அப்பாவுக்கு ஜிப்மர்ல கிட்னி செக்கப், காலைல 7 மணிக்குள்ள போயி டோக்கன் போடணும். அரியாங்குப்பம் பாலத்துல ஏறும்போது டண்னு ஒரு சத்தம், டிஸ்பிளேல எழுத்து வந்துச்சு, வண்டி லிம்ப் மோட்ல போயிடுச்சு. ஆக்சிலேட்டர தரையோட மிதிச்சாலும் ஆர்பிஎம் 2500 தாண்டல. பின்னாடி பஸ்காரர் விடாம ஹாரன் அடிக்கறார், பாலத்துல ஓரம் கட்ட எடம் இல்ல. அப்பா கைப்பிடிய கெட்டியா புடிச்சுகிட்டு, பரவால்லப்பா மெதுவா போ, எறங்கி ஆட்டோல போயிக்கலாம்னு சொல்றார், எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 20 லட்சத்துக்கு மேல குடுத்து வாங்கினதே அவர் முட்டி மடக்காம வசதியா உக்காந்து போகணும்னு தான்.

திரும்ப சர்வீஸ் சென்டர். இந்த தடவ டிபிஎஃப்பே மாத்தணும், லட்சத்துக்கு மேல ஆகும்னு சொன்னாங்க. வெளிய சில பேரு அண்ணா டிபிஎஃப்ப வெட்டி எடுத்துட்டு ஈசியூ சாஃப்ட்வேர் மேப் மாத்திடலாம், 35 ஆயிரம், ஜென்மத்துக்கும் பிரச்சினை இல்லன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். சட்டப்படி தப்புன்றது ஒரு பக்கம். எங்க அம்மா ஊரு சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடிகாடு, ராத்திரில காத்து திரும்பினா மூக்க பொத்திகிட்டு ஜன்னல சாத்தின சின்ன வயசு எனக்கு ஞாபகம் இருக்கு. என் வண்டி கரிய இன்னொரு வீட்டு கொழந்த மூச்சுல தள்ளி விட்டு நான் நிம்மதியா ஓட்ட முடியாது. இத்தனைக்கும் வெட்டி எடுத்த வண்டி கூட பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிடும்னு தைரியமா சொல்றாங்க, டீசலுக்கு அங்க பாக்கறது புகை அடர்த்தி மட்டும் தான், நைட்ரஜன் ஆக்சைடு எவ்ளோ வருதுன்னு பாக்கறதே இல்ல.

கடைசியா ஆபீஸ் நண்பர் ஒருத்தர் முதலியார்பேட்டைல ஒரு வயசான மெக்கானிக்க காட்டினார். அவர் வண்டிய ஸ்டார்ட்டே பண்ணல. சாவிய மட்டும் ஆன் பண்ணி ஸ்கேனர்ல லைவ் டேட்டா எடுத்தார், டிபிஎஃப் பிரஷர் சென்சார் வரிய காட்டி, "தம்பி, என்ஜினே ஓடல, புகையே வரல, இங்க பூஜ்யம் தான காட்டணும், 3 காட்டுது பாரு" ன்னார். எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. ஃபில்டருக்கு முன்னாடி பின்னாடி எவ்ளோ பிரஷர் வித்தியாசம்னு பாத்து தான் ஈசியூ கரி அளவ முடிவு பண்ணுது. அந்த சென்சாரே பொய் சொன்னா? காலியா இருக்கற ஃபில்டர ரொம்பிடுச்சுன்னு நெனச்சு ரீஜென் மேல ரீஜென் போடுது, அதுல டீசல் ஆயில்ல எறங்குது. சென்சார் கனெக்டர கழட்டி கைல குடுத்தார், பின் எல்லாம் பச்சையா களிம்பு ஏறி கெடக்கு, நம்ம கடக்கரை உப்புக் காத்து தான். கூடவே புகைல கொஞ்சத்த திரும்ப என்ஜினுக்குள்ள விடற ஈஜிஆர் வால்வு கழட்டினார், உள்ள தார் மாதிரி கரி அப்பி வால்வு முழுசா மூடவே இல்ல, ஸ்குரூ டிரைவர்ல சொரண்டி சொரண்டி ஒரு கிண்ணம் எடுத்தார். மூடாத ஈஜிஆர் வழியா புகை திரும்ப திரும்ப உள்ள போனா கரி இன்னும் கூடத்தான் செய்யும்.

சென்சார், கனெக்டர், அதோட ரப்பர் ஹோஸ், ஈஜிஆர் கிளீனிங், ஆயில், எல்லாம் சேத்து 22 ஆயிரம். அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 90, 100 கிலோமீட்டருக்கு ஒரு ரீஜென் ஆயிட்டிருந்துச்சு, இப்ப 400 கிட்ட போகுது, அதே ரூட், அதே மரப்பாலம் டிராஃபிக், அதே டிரைவிங் ஸ்டைல்.

எனக்கு கோவம் வண்டி மேல இல்ல. அஞ்சு ஜாப் கார்டும் வரிசையா வச்சுப் பாத்தேன், ஒன்னுல கூட ஏன் வந்துச்சுன்னு ஒரு வரி இல்ல, கோட அழிச்சது மட்டும் தான் இருக்கு. சாவிய ஆன் பண்ணி ஒரு நம்பர பாக்க ரெண்டு நிமிஷம், அத ஒன்ற வருஷமா யாரும் பாக்கல. இதெல்லாம் எழுதி கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதில் இல்லன்னதும் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணேன், அதுக்கப்புறம் தான் போன் வந்துச்சு, சென்சார் காச எக்ஸ்டெண்டட் வாரண்டில திருப்பி குடுத்தாங்க. ஆயில் காசுக்கும் இன்ஜெக்டருக்கும் இன்னும் பேசிட்டிருக்கேன், நடக்கலன்னா மாவட்ட கமிஷன்ல போடறதா இருக்கேன், 50 லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்கு அங்கயே போடலாம்.

ஆறாவது தடவ லைட் வந்தது ஆட்ப்ளூக்கு (புகைல நைட்ரஜன் ஆக்சைட கொறைக்க தனி டேங்க்ல ஊத்தற யூரியா தண்ணி), அது என் கவனக்குறைவு. ஊத்தும்போது சிந்தினத தொடைக்காம விட்டேன், மூடி சுத்தி உப்பளம் மாதிரி வெள்ளையா பூத்து கட்டியாயிடுச்சு, வெந்நி ஊத்தி கழுவினேன் சரியாச்சு. அது முழுசா தீந்துட்டா ஆஃப் பண்ணின வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது, ஊருக்கு கெளம்பறவங்க அளவ பாத்துட்டு கெளம்புங்க.

இப்ப நான் செய்யறது: 1200 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி (போன்ல வண்டி டேட்டா காட்டற குட்டி ஸ்கேனர்) வாங்கி டேஷ்போர்டுக்கு கீழ மாட்டி வச்சிருக்கேன். நின்னிருக்கும்போது ஆர்பிஎம் 750ல இருந்து 950க்கு ஏறினாலோ, மைலேஜ் திடீர்னு எறங்கினாலோ ரீஜென் ஓடுதுன்னு தெரிஞ்சுடும், ஆபீஸ் வந்தாலும் ஆஃப் பண்ணாம வில்லியனூர் பக்கம் நாலு வழி ரோட்ல ஒரு சுத்து போயிட்டு வருவேன். ஞாயித்துக்கிழமைல தேவப்பட்டா பூண்டியாங்குப்பம் தாண்டி புது ரோடு, 2025 ஏப்ரல்ல திறந்தது, நிக்காம போகலாம். ரீஜென் ஓடும்போது வைக்கோலு, சருகு மேல மட்டும் வண்டிய நிறுத்தாதீங்க, அடில அவ்ளோ சூடு இருக்கும், நம்ம கிராமத்து ரோட்ல அறுவடை நேரத்துல இது சாதாரணமா நடக்கக்கூடியது.

தினமும் பத்து கிலோமீட்டருக்குள்ள ஊருக்குள்ளயே ஓட்டறவங்க யாராவது டீசல் எஸ்யூவி எடுக்கலாமான்னு கேட்டா, வேணாம்னு தான் சொல்லுவேன், பெட்ரோல் எடுங்க. நான் இத விக்கப் போறதில்ல. அடுத்த வியாழக்கிழமை அப்பாவுக்கு மறுபடி ஜிப்மர் செக்கப், ஆட்டோ சொல்லவான்னு கேட்டேன், வேணாம் நம்ம வண்டிலயே போலாம்னுட்டார்.