சுன்-லியும் காணாமல் போகும் சார்ஜும்: நெடுநாள் ஆடியபின் ஒரு மதிப்பீடு

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் சுன்-லி என்ற வீராங்கனையைத் தொடர்ந்து ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே புகாருக்கு வந்து சேர்வார்கள்: "கிகோகென் வரவே மாட்டேங்குது." கிகோகென் என்றால் அவள் கையிலிருந்து பறக்கவிடும் ஆற்றல் பந்து. அது வராததற்கு நெட் சரியில்லை என்பார்கள், கன்ட்ரோலர் போய்விட்டது என்பார்கள். கன்ட்ரோலர் மேல் போடும் பழியில் கொஞ்சம் நியாயம் உண்டு. நெட் மேல் போடும் பழியில் ஒன்றுமே இல்லை. முக்கியக் காரணம் சுன்-லியின் அமைப்பிலேயே இருக்கிறது. பாறசாலையிலிருந்து ஒரு தம்பி, "அண்ணே, ரியூவை விட்டுட்டு சுன்-லிக்கு மாறலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

அடிப்படை எல்லோருக்கும் தெரியும். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் வந்தவள். அந்தத் தொடரில் நாம் எடுத்து ஆடக் கிடைத்த முதல் பெண். இன்டர்போல் அதிகாரி, அப்பாவைக் கொன்றவனைத் தேடி வந்தவள். 2023 ஜூனில் வந்த ஆறாம் ஆட்டத்தில் அந்தப் பகை தீர்ந்து, மெட்ரோ சிட்டியின் சைனா டவுனில் லி-ஃபென் என்ற பெண்ணை வளர்த்துக்கொண்டு குங்ஃபூ வகுப்பு எடுக்கிறாள். வேர்ல்ட் டூர் என்ற கதைப் பகுதியில் நாம் உருவாக்கும் ஆளுக்கும் அவளே ஆசான். எங்கள் குமரி மேற்கில் ஆசான் என்ற சொல்லை யாரும் லேசாக விடமாட்டார்கள். அவளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில அடிகளுக்கு ஒரு திசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் சார்ஜ். குனிந்து தடுக்கும்போது கட்டைவிரல் டி-பேடின் (கன்ட்ரோலரின் திசைப் பட்டன்) கீழ்ப்பின் மூலையில் இருக்கும். அந்த மூலை பின்சார்ஜ், கீழ்சார்ஜ் இரண்டையும் சேர்த்தே ஏற்றும். முன்னால் தள்ளிப் பஞ்ச் அடித்தால் கிகோகென், மேலே தள்ளிக் கிக் அடித்தால் ஸ்பின்னிங் பேர்ட் கிக். தடுத்துக்கொண்டே இரண்டு ஆயுதத்தைத் தயார் செய்யலாம். இதுவரை அருமை.

ஆனால் அவளுடைய உண்மையான வளம் செரினிட்டி ஸ்ட்ரீம் என்ற சுவடு, அதாவது உடம்பைத் தாழ்த்தி நிற்கும் நிலை. கீழ், கீழ்ப்பின், பின், பஞ்ச். உள்ளே போனதும் ஆறு பட்டனுக்கும் ஆறு தனித்தனி அடி. லைட் பஞ்சுக்கு ஆர்க்கிட் பாம். ஹெவி கிக்குக்கு எதிராளியை மேலே தூக்கும் டென்கூ கிக். தூக்கியதும் தானும் தாவி காற்றிலேயே தொடரலாம். கீழே ஒதுங்கிய உடம்பு, நீண்ட கை, அடுத்து எது வரும் என்று தெரியாத எதிராளி. எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இறங்கிய சுவடு சட்டென்று பிடிபடும்.

சிக்கல் எங்கே என்றால், மூலையில் இருக்கும் விரல் சுவடுக்குப் போக முதலில் நேர்க்கீழே வர வேண்டும். அந்த இடத்தில் பின்சார்ஜ் போச்சு. பிறகு நேர்ப்பின்னுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் கீழ்சார்ஜும் போச்சு. பாடுபட்டுச் சேர்த்த இரண்டையும் அவளுடைய சிறந்த அசைவே தின்றுவிடுகிறது. கைல், இ. ஹோண்டா போன்றவர்களிடமும் சார்ஜ் உண்டு. ஆனால் இப்படிச் சேமிப்பையும் செலவையும் ஒரே கட்டைவிரலில் முட்டவிடும் கொடுமை சுன்-லியிடம்தான் அதிகம். எத்தனை நாள் ஆடினாலும் இந்த எரிச்சல் தணியாது. சார்ஜ் இருக்கிறதா போய்விட்டதா என்று ஆட்ட நடுவில் காட்ட ஓர் அடையாளமும் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. அந்த வழி தெரிந்தபின் அவளைக் குறை சொல்லவும் மனம் வராது. சுவடின் அசைவு பின்னில் முடிகிறது அல்லவா? பஞ்ச் அழுத்திய பிறகு கட்டைவிரலை எடுக்கவே கூடாது. அப்படியே கீழ்ப்பின் மூலைக்கு இறக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே வரும் ஆறு அடிக்கும் திசை தேவையில்லை, பட்டன் போதும். ஆகவே சுவடும் அடியும் திரையில் ஓடுகிற நேரம் முழுக்க அடியில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். சார்ஜ் முழுமையாக ஒரு நொடிகூட வேண்டாம். அடி முடிந்து கை திரும்பிய சற்று நேரத்தில் கிகோகென் தயார். லைட் பஞ்சில் விட்டால் மெதுவாகப் போகும். அதன் பின்னாலேயே நடந்து போய் அடுத்த மிரட்டலைத் தொடங்கலாம். ஹசான்ஷு என்ற அடியும் (அதே அசைவு, பஞ்சுக்குப் பதில் கிக்) பின்னிலேயே முடிவதால் இதே வித்தை அங்கேயும் செல்லும். ஹியாகுரெட்சுக்யாகு என்ற தொடர் உதை மட்டும் முன்பக்கம் முடியும். பழைய ஆட்டங்களில் கிக்கைப் படபடவென்று அடித்தால் வரும். இங்கே விரலால் கீழிருந்து முன்னுக்குக் கால்வட்டம் (வட்டத்தில் நாலில் ஒரு பங்கு). அது வெளியே வந்ததும் விரலை உடனே மூலைக்கு இழுக்கப் பழகாவிட்டால் அடுத்த சில கணம் வெறுங்கைதான்.

பயிற்சி மோடில் உள்ளீட்டு வரலாற்றைத் திரையில் போட்டுவிட்டுப் பழகுங்கள். ஒவ்வொரு திசையையும் எத்தனை ஃபிரேம் பிடித்தீர்கள் என்று பக்கத்தில் எண் வரும். 60 ஃபிரேம் ஒரு நொடி. கிகோகென் வராத இடத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் விரல் அவசரப்பட்டிருக்கும். விரல் நன்றாகவே அழுத்தியிருக்கும்போது கீழ்ப்பின் அம்புக்குறிக்கு நடுவில் ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் நேர்க்கீழ் அம்பு எட்டிப் பார்த்தால் அது கையின் குற்றமில்லை. டி-பேடின் இடப்பக்கத் தொடுப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று பொருள்.

இது சுன்-லிக்காரர்களுக்கு வந்தே தீரும் நோய். பல கன்ட்ரோலர்களில் டி-பேடுக்கு அடியில் ரப்பர், அதில் திசைக்கு ஒரு கார்பன் பொட்டு. மூலைத் திசைக்கு இரண்டு பொட்டும் ஒன்றாகப் பட வேண்டும். நாள் முழுக்க ஒரே மூலையை நசுக்கினால் அந்த இரண்டு பொட்டும் மற்றவற்றுக்கு முன்பே தேயும். எங்கள் ஊரில் இரண்டு மழைக்காலமும் பெய்யும், குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. அழுக்கும் ஈரமும் சேர்ந்து படலம் கட்டும். கன்ட்ரோலரைத் திறக்கும்போது ட்ரிக்கர் ஸ்பிரிங் துள்ளி ஓடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பாட்டரி வயரை முதலில் கழற்றுங்கள், ரிப்பனை இழுக்காதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பொட்டையும் எதிர்ப்புறப் படலத்தையும் மெல்லத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு மூடுங்கள். கார்பனைச் சுரண்டினால் அதோடு முடிந்தது. துடைத்தும் தீரவில்லை என்றால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். மார்த்தாண்டத்தில் மொபைல் சரிசெய்கிறவர்களே போட்டுத் தருவார்கள். முழு கன்ட்ரோலரை வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

நெட்டுக்கு ஏன் பழி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். களியக்காவிளை பக்கம் ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் போன் கேரளத்து டவருக்கும் நம் டவருக்கும் மாறி மாறித் தாவும், ஆட்டம் உதறும், அது உண்மை. ஆனால் இந்த ஆட்டம் ரோல்பேக் முறையில் ஓடுகிறது. உங்கள் கை என்ன செய்தது என்பதை உங்கள் பெட்டியே படித்துக்கொள்ளும். தாமதமாக வருவது எதிராளியின் கை. அதனால் அவன் தாவியது உங்களுக்குப் பிந்தித் தெரியலாம், அதைப் பார்த்து நீங்கள் விடும் ஸ்பின்னிங் பேர்ட் கிக்கும் பிந்தலாம். ஏறிய சார்ஜ் நெட்டால் கரையாது.

இன்னொன்று. அவள் அடிகளில் பல தொடர்அடிகள் என்பதால் எதிராளி டிரைவ் பாரியை (அடியைச் சேதமின்றி வாங்கும் தடுப்பு) அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வான், அவனுடைய ஆற்றல் பட்டையான டிரைவ் கேஜும் நிறைத்துக்கொள்வான். 2004 ஈவோ போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இல், டைகோ உமெஹாரா கென் என்ற வீரனை வைத்து ஜஸ்டின் வாங்கின் சுன்-லி விட்ட ஹோயோகுசென் என்ற தொடர் உதையை முழுக்கப் பாரி செய்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் இருக்கும். அங்கே ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டியிருந்தது. இங்கே பிடித்தால் போதும். மருந்து எளிது: நடந்து போய்த் தூக்கி எறியுங்கள். பாரி பிடித்திருப்பவனை எறிந்தால் பனிஷ் கவுன்டர் (எதிராளி சிக்கிய நேரத்தில் விழும் அடி) கணக்கில் கூடுதல் சேதம். சுன்-லியின் நடை வேகம் அதற்கென்றே கொடுத்ததுபோல் இருக்கும்.

சுவரில் கால் வைத்துத் தாவுவது, காற்றில் எதிராளியின் தலையை மிதித்து மறுபடி எழும்புவது இவற்றை எல்லாம் இங்கே விரித்துச் சொல்லவில்லை. இருக்கின்றன, வேலை செய்கின்றன. எதிராளி தலைக்கு மேல் தாண்டினால் மட்டும் கவனம்: பின் எது முன் எது என்பது மாறும், பின்சார்ஜைப் புதிதாகத் தொடங்க வேண்டும், கீழ்சார்ஜ் மட்டும் தப்பும். அந்த நேரத்தில் கிகோகென்னை நினைக்காமல் மேலே தள்ளிக் கிக் அடியுங்கள்.

தம்பிக்குப் பதில்: இந்த ஆட்டத்தில் இவ்வளவு கருவிகள், இவ்வளவு அழகு, தூரத்திலும் பக்கத்திலும் ஒரே பலம் வேறு யாரிடமும் இல்லை என்பதே என் முடிவு. இருந்தாலும் மாற வேண்டாம். ரியூவின் ஹடோகென் கால்வட்டம் போட்டால் எந்த நேரமும் வரும். அந்த நிம்மதிக்குப் பழகிய விரல், கடைசிச் சுற்றில் சார்ஜ் இல்லாமல் வெறும் பஞ்ச் வெளியே வருவதைத் தாங்காது. சொல்லியும் கேட்காமல் எடுப்பதானால், முதல் வாரம் ஆன்லைன் பக்கம் போகாமல் சுவடு, மூலை, கிகோகென் இந்த மூன்றை மட்டும் இரண்டு பக்கமும் நின்று பழகு. வலப்பக்கம் நின்றால் எல்லாம் புரண்டுவிடும், அங்கேதான் அதிகம் தவறும்.