பெட்ரோவா, கிப்சனா? பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தைப் பற்றி

பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சர்களில் யார் பெரியவர் என்று வீட்டில் சண்டை போடுகிறவர்கள், ஆட்ட எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுங்கள். காசு வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், ஆட்டக்காரரின் பெயரை அடித்தால் போதும். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் கல்யாணமாகி பாஸ்டனில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர் ரெட் சாக்ஸ் அணியின் பக்தர். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. டர்பனிலேயே ஃபீனிக்ஸில் இருக்கும் என் தம்பியையும் இழுத்துவிட்டேன். என் கட்சி பெட்ரோ மார்ட்டினெஸ், அவன் கட்சி பாப் கிப்சன். இப்போது தினமும் காலையில் தம்பியிடமிருந்து போன் வரும்.

பாஸ்டனில் கோடைக்காலத்தில் இரவு 7.10க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே டர்பனில் நள்ளிரவு தாண்டி 1.10. பிற்பகல் ஆட்டங்களை மட்டும்தான் நம் மாலையில் பார்க்க முடியும். மற்றதெல்லாம் மறுநாள் காலையில் ஸ்கோர் அட்டையாகத்தான் எங்களுக்கு வந்து சேர்கிறது. ஆகவே எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஆட்டம் என்பதே பாதிக்கு மேல் எண்கள். அந்த எண்களை யார் ஒழுங்காகத் தருகிறார்கள் என்பது பெரிய விஷயம்.

ஷான் ஃபோர்மன் என்பவர் 2000இல் தொடங்கிய தளம் இது. ஒரு பிட்சரின் பக்கத்தைத் திறந்தால், வருடத்துக்கு ஒரு வரி என்று அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே அட்டவணையில் நிற்கும். அந்த லீக்கில் அந்த வருடம் முதலிடம் பிடித்த எண் தடித்த எழுத்தில் இருக்கும். சேண்டி கோஃபாக்ஸ் பக்கத்தில் 1962லிருந்து 1966 வரை கண்ணை ஓட்டிப் பாருங்கள். ஈ.ஆர்.ஏ. (பிட்சர் கொடுத்த ரன்களின் சராசரி, குறைந்தால் நல்லது) பத்தியில் அடுத்தடுத்து ஐந்து தடித்த எண்கள். ஐந்து வருடமும் லீக்கில் அவர்தான் முதல். ஒரு வார்த்தை படிக்காமலே ஒருவருடைய உச்சகாலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். தலைப்பின் மேல் சுட்டியை வைத்தால் அந்தப் பத்தி எதைக் கணக்கிடுகிறது என்றும் சொல்லும். விளம்பரங்கள் உண்டு, ஆனால் பக்கத்தில் முக்கியமாக இருப்பது எழுத்தும் எண்ணும்தான். டேட்டா விற்கும் விலைக்கு நம் ஊரில் இது சின்ன நன்மை இல்லை.

சரி, தம்பியின் கட்சிக்கு வருகிறேன்.

அவனுக்கு பாப் கிப்சன். 1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12. கிரிக்கெட்டில் பவுலிங் சராசரி ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் என்று பார்க்கிறது. ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்று பார்க்கிறது. பீல்டர் செய்த பிழையால் வந்த ரன்களைப் பிட்சர் தலையில் கட்டாது. 1.12 என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரே ஒரு ரன். அந்த வருடம் 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ரன்னே கொடுக்காமல் முடித்தார். “அக்கா, அதற்குப் பிறகு யாராவது அந்த எண்ணைத் தொட்டார்களா? இல்லை அல்லவா? அப்புறம் என்ன பேச்சு?” என்பான். உண்மைதான், போதுமான இன்னிங்ஸ் எறிந்தவர்களில் இன்றுவரை யாரும் தொடவில்லை.

ஆனால் 1968 எப்படிப்பட்ட வருடம் என்று பார்க்க வேண்டும். இந்தத் தளத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் லீக்குக்கென்று தனிப் பக்கம் உண்டு. அங்கே போனால் கிப்சனின் நேஷனல் லீக்கில் அந்த வருடம் எல்லாப் பிட்சர்களுக்கும் சேர்ந்த சராசரி ஈ.ஆர்.ஏ.வே 2.99. மேஜர் லீகின் இன்னொரு பாதியான அமெரிக்கன் லீக்கில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வெறும் .301 அடித்து, அதாவது நூறு வாய்ப்பில் முப்பது தடவை அடித்து, பேட்டிங் பட்டத்தை வாங்கிப் போனார். பேட்ஸ்மேன்கள் அடிக்கவே முடியாத வருடம் அது. அதனால்தான் 1969இல் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், பிட்சர் பந்தை எறிய வேண்டிய ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள்.

டர்பன்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிங்ஸ்மீடில் மேகம் மூடிய காலையில், கடல் ஏறும் நேரத்தில் பந்து ஆடும் என்று நம் ஊரில் சொல்லாதவர் யார்? அப்படிப்பட்ட காலையில் எடுத்த ஐந்து விக்கெட்டையும், வெயிலில் காய்ந்து செத்துப்போன ஆடுகளத்தில் எடுத்த ஐந்து விக்கெட்டையும் நாம் ஒன்றாக வைப்பதில்லை. ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் இரண்டும் ஐந்துதான்.

இங்கேதான் ஈ.ஆர்.ஏ. பிளஸ் என்ற பத்தி வருகிறது. இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த வருடத்து லீக் சராசரியை எடுத்து, பிட்சர் ஆடிய மைதானங்கள் ரன் குவிப்பவையா ரன் அடக்குபவையா என்று திருத்தி, அதை அவருடைய ஈ.ஆர்.ஏ.வால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். 100 என்றால் அந்தக் காலத்துக்குச் சராசரி ஆள். 200 என்றால் சராசரி ஆள் கொடுக்கும் ரன்னில் பாதிதான் கொடுத்திருக்கிறார். கிப்சனின் 1968க்கு 258. மலைக்க வைக்கும் எண், சந்தேகமே இல்லை.

இப்போது மாப்பிள்ளையின் ரெட் சாக்ஸுக்காக எறிந்த பெட்ரோ மார்ட்டினெஸின் 2000ஆம் வருடத்து வரியைப் பாருங்கள். ஈ.ஆர்.ஏ. 1.74. தம்பியின் கண்ணுக்கு இது 1.12ஐ விட மோசம். ஆனால் அந்த வருடம் அமெரிக்கன் லீக் சராசரி 4.91. வந்தவன் போனவன் எல்லாம் ஹோம் ரன் அடித்த காலம். அந்த லீக்கில் பெட்ரோவுக்கு அடுத்த இடத்தில் இருந்த ரோஜர் கிளெமென்ஸின் ஈ.ஆர்.ஏ. 3.70. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு ரன் இடைவெளி! அதுவும் ஃபென்வே பார்க்கை வீட்டு மைதானமாக வைத்துக்கொண்டு. இடது பக்கச் சுவர் உயரம்தான், ஆனால் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 217 இன்னிங்ஸ், 284 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட் ஆக்கியவை), 32 வாக் (எல்லைக்கு வெளியே எறிந்து சும்மா நடக்க விட்டவை). ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை அடித்தோ நடந்தோ பேஸ் ஏற விட்டார் என்ற கணக்கு 0.737. நவீன காலத்தில் அதைவிடக் குறைந்தது கிடையாது. ஈ.ஆர்.ஏ. பிளஸ் 291.

258க்கும் 291க்கும் நடுவில் இருப்பதுதான் என் வழக்கு முழுவதும். மாப்பிள்ளைக்காக நான் இந்தப் பக்கம் சாயவில்லை. எந்தக் காலத்தில் எறிந்தாரோ அந்தக் காலத்தை வைத்து அளந்தால், பெட்ரோவின் அந்த ஒரு வருடத்துக்கு இணையாக, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் வேறொரு பிட்சரின் வருடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தம்பி அதே தளத்திலிருந்தே பதில் எடுத்து வந்தான். இது எனக்கு மிகவும் பிடித்தது. “அக்கா, இன்னிங்ஸ் பத்தியைப் பார். கிப்சன் 304, உன் ஆள் 217. கிப்சன் 28 ஆட்டத்தில் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை தானே எறிந்தார். மிச்ச இன்னிங்ஸை யாரோ ஒரு சுமார் பிட்சர்தானே எறிய வேண்டும்?” நியாயமான கேள்வி. இதற்காகத்தான் அங்கே வார் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது: ஒரு சாதாரண மாற்று ஆளை விட அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று. ஈ.ஆர்.ஏ. பிளஸ் எவ்வளவு நன்றாக எறிந்தார் என்று மட்டும் சொல்லும். வார் எவ்வளவு நேரம் எறிந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளும், பின்னால் நிற்கும் பீல்டர்கள் எப்படி என்பதையும் கழித்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் கிப்சன் பெட்ரோவுக்கு மிக அருகில் வந்துவிடுகிறார். நான் இன்னும் பெட்ரோ பக்கம்தான், ஆனால் தம்பியிடம் நல்ல வாதம் இருக்கிறது.

உச்சகாலம் என்றால் எத்தனை வருடம்? இந்தக் கேள்விக்குத் தளம் விடை சொல்லாது, சொல்லவும் கூடாது. எத்தனை வருடம் என்று நீங்கள் தீர்மானிப்பதைப் பொறுத்து ஜெயிப்பவர் மாறுகிறார். ஒரு வருடம் என்றால் பெட்ரோ. அடுத்தடுத்து இரண்டு வருடம் என்றால் கிரெக் மேடக்ஸ் வந்து கழுத்தைப் பிடிக்கிறார். 1994இல் 1.56, 1995இல் 1.63; ஈ.ஆர்.ஏ. பிளஸ் 271, அடுத்து 260. 1995இல் ஏறக்குறைய 210 இன்னிங்ஸ் எறிந்து 23 பேருக்குத்தான் வாக் கொடுத்தார், 19 வெற்றி, 2 தோல்வி. வேகமே இல்லாத ஆள், பந்து போகும் இடம் மட்டும்தான் அவர் ஆயுதம். வேலைநிறுத்தத்தால் 1994 சீசன் ஆகஸ்டில் நின்றுபோனது, 1995ம் குறுக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோவுக்கும் 1999 இருக்கிறது: 23 வெற்றி, 4 தோல்வி, 313 ஸ்ட்ரைக் அவுட், பிளஸ் 243. இரண்டு வருடத்தையும் சேர்த்தால் இருவரும் கிட்டத்தட்ட சமம்.

நான்கு வருடம் என்றால் ராண்டி ஜான்சனை ஒதுக்க முடியாது. 1999லிருந்து 2002 வரை நான்கு வருடமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். ஸ்ட்ரைக் அவுட் 364, 347, 372, 334. முப்பத்தைந்து வயதுக்கு மேல்! மற்றவர்கள் மூட்டை கட்டும் வயதில் இவருடைய உச்சம் தொடங்குகிறது. ஐந்து என்றால் கோஃபாக்ஸ் வருகிறார், ஆனால் அங்கே ஈ.ஆர்.ஏ. பிளஸ் கொஞ்சம் கறாராக இருக்கிறது. 1966இல் 1.73 எடுத்தும் பிளஸ் 190தான். 1962இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியத்தில் ரன் சுலபமாக விழாது, அதைக் கழித்துவிடுகிறார்கள். அந்த வருடத்தோடு மூட்டு வலியால் முப்பது வயதில் ஆட்டத்தை விட்டார். அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்தால் 27 வெற்றிக்கு அடுத்த வரியே இல்லை. எனக்கு அதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும்.

வெற்றி தோல்விப் பத்தியை நம்பி யாரும் முடிவு கட்ட வேண்டாம் என்பதற்கு ஜேக்கப் டிகிராம் பக்கம் போதும். 2018இல் 1.70, ஆனால் 10 வெற்றி, 9 தோல்வி. அவர் அணி அவருக்காக ரன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கிப்சனே 1.12 வைத்துக்கொண்டு 9 ஆட்டம் தோற்றார்.

இந்தத் தளத்தில் கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பந்து எப்படி வளைந்தது, எத்தனை மைல் வேகம் என்பதற்கு இது இடம் இல்லை. அதற்கு மேஜர் லீக் அமைப்பே நடத்தும் பேஸ்பால் சாவன்ட் இருக்கிறது, ஆனால் அது நம் காலத்து ஆட்டக்காரர்களுக்குத்தான் உதவும். “ஐந்து வருடத்தில் இத்தனை இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களில் யார் முதல்” என்பது போன்ற தேடல்களை ஸ்டாட்ஹெட் என்ற கட்டணப் பகுதியில் வைத்திருக்கிறார்கள். கட்டணம் டாலரில். ரேண்டில் மாற்றிப் பார்த்தால் ஓய்வூதியக்காரருக்குத் தேவையில்லாத செலவு. கட்டுரை எழுதுகிறவர்கள் வாங்கலாம். எங்கள் காலைச் சண்டைக்கு இலவசப் பக்கங்களே தாராளம்.

நம் நாட்டுக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை. ராண்ட்பர்க்கில் அம்மா வேலை பார்த்த பேஸ்பால் கிளப்பிலேயே வளர்ந்த கிஃப்ட் என்கோபே, 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்காக இறங்கினார். ஆப்பிரிக்காவில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் ஆள் அவர்தான். ஜான் லெஸ்டர் எறிந்த பந்தில் தன் முதல் வாய்ப்பிலேயே அடித்து பேஸ் ஏறினார். தளத்தில், மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீக் வரிகளும் உண்டு. அந்த ஒரு நாளுக்கு முன்னால் எத்தனை ஊர், எத்தனை வருடம் என்று அவர் பக்கத்தில் படித்துப் பாருங்கள். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஒரு பையன், “டீச்சர், இவர் நம்ம நாட்டுக்காரரா?” என்று கேட்டுவிட்டு எல்லா வரியையும் தானே படித்தான்.

எனக்கு ஒரே ஒரு ஏக்கம். டேல் ஸ்டெய்ன் 93 டெஸ்டில் 439 விக்கெட், சராசரி 22.95. பேட்ஸ்மேன்கள் கொழித்த காலத்தில் எடுத்தவை. அவரையும், நடாலுக்காக ஆடி நம் ஷான் பொலாக்குக்கு வழிகாட்டிய மால்கம் மார்ஷலையும், இப்படிக் காலத்தையும் மைதானத்தையும் திருத்தி ஒரே பத்தியில் வைத்துப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு யாராவது இதைச் செய்தால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன், ரேண்ட் எவ்வளவு விழுந்திருந்தாலும்.

புதிதாக வருகிறவர்கள் பெட்ரோவின் பக்கத்தில் தொடங்குங்கள். 1997லிருந்து 2003 வரை ஈ.ஆர்.ஏ. பிளஸ் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். பிறகு 2000ஆம் வருடத்தின் ஆட்டவாரிப் பட்டியலைத் திறந்து, அவர் தோற்ற ஆறு ஆட்டங்களிலும் எத்தனை ரன் கொடுத்தார் என்று பாருங்கள். தம்பிக்கு அதைத்தான் நேற்று அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை.